சிபாரிசு இல்லாத பரிசு

பரிசு முடிவை அறிவிக்கப்போகிற நாள் அது. முடிவு என்னவென்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் அண்ணிக்குத் தெரியும், தெரிந்தும் அழுத்தமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்று வீடு மொத்தமும் முடிவு கட்டியிருந்தது.

"தூக்கத்துலயாவது உளறுவேன்னு பார்த்தேன்," என்றான் கணவன், பல் தேய்த்துக்கொண்டே. "ம்ஹூம். சரியான கல்லுளிமங்கி."

"எனக்குத் தெரியாதுங்க."

"சரி, சரி. வெளியில சொல்லக் கூடாது. புரியுது." கண்ணடித்தான்.

அண்ணி முட்டையைக் கொஞ்சம் பலமாகவே உடைத்தாள். ஓட்டில் பாதி வாணலிக்குள் விழுந்தது.

மிளகுக்கு அவள் அண்ணி. இந்தக் கதையைப் படிப்பவர்களுக்கும் அப்படியே. பல்கலைக்கழக நூலகத்தில் நூலகர் வேலை. நூலகத்தின் சேகரிப்பைப் பயன்படுத்தி நல்ல ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு அங்கே வருடாவருடம் பரிசு கொடுப்பார்கள். இந்த வருடம் அதற்கு விண்ணப்பம் போட்டிருந்தவர்களில் ஒருத்தி அவளுடைய நாத்தனார். ஆள் சின்னது, காரம் பெரிது என்பதால் வீட்டில் மிளகு.

விண்ணப்பம் போட்ட அன்றே மிளகு அண்ணியின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, நீங்க இதுல தலையிடக் கூடாது."

"நான் ஏன் தலையிடப் போறேன்?"

"நீங்க மாட்டீங்க. அம்மா விட மாட்டா. எனக்கு ஸ்கூல் சீட்டு அம்மா யார்கிட்டயோ பேசி வாங்கினது. லீவுல பார்த்த வேலை அண்ணனோட சிநேகிதன் போட்டுக் குடுத்தது. எதை எடுத்தாலும் யாரோ ஒருத்தர் எனக்கு முன்னாடி போய்ப் பேசிட்டு வந்திருக்காங்க. இது ஒண்ணையாவது நானே வாங்கறேன், இல்ல தோத்துப் போறேன்."

மறுநாளே அண்ணி தலைமை நூலகரிடம் போய், "விண்ணப்பிச்சவங்கள்ல ஒருத்தி என் நாத்தனார், என்னை இந்தப் பரிசு பக்கமே விடாதீங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நடுவர்கள் யார், எத்தனை பேர் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. சென்ற வாரம் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானவர்களில் மிளகும் இருப்பதை, அறிவிப்புப் பலகையில் மாணவர்களோடு முண்டியடித்துத்தான் அவளே பார்த்தாள்.

இதை வீட்டில் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

மாமியார் காபியோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் குரல் இன்னமும் பல மைல் கம்பி வழியாகப் போக வேண்டும் என்ற நினைப்பிலேயே பேசுவார்.

"ஏம்மா, கடைசி நேரத்துலயாவது ஒரு வார்த்தை போட்டு வைக்கலாமே?"

"அத்தை, மார்க் போட்டு முடிச்சாச்சு. என்னை அந்தப் பக்கமே விடலை. நானேதான் விடாதீங்கன்னு சொன்னேன்."

"அதைத்தான் நானும் கேக்கறேன். எவளாவது சொந்த நாத்தனாருக்கு எதிரா அப்படிப் போய்ச் சொல்லுவாளா?"

"எதிரா இல்லத்தை. நியாயமா."

"நியாயத்துக்கு நான் குறுக்க நிக்கலை. அது பாட்டுக்கு இருக்கட்டும். ஆனா உள்ள வேலை பார்க்கற மருமக இருந்தும் பொண்ணு தோத்துட்டான்னா, நாலு பேர் என்ன கேப்பாங்க?"

அண்ணி கணவனைப் பார்த்தாள். அவன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்துகிற ஆள். வீட்டிலும் பேச்சு கொஞ்சம் வேகம் எடுத்தால் போதும், அவன் வலது கால் மேசைக்கு அடியில் தானாக அழுந்தும்.

"விடு, விடு," என்றான் இப்போதும். யாரை விடச் சொன்னான் என்பது வழக்கம்போலத் தெளிவாக இல்லை.

ஜெயித்தால் நான் வாங்கிக் கொடுத்தது, தோற்றால் நான் கெடுத்தது என்று நினைத்துக்கொண்டே அண்ணி பையைத் தோளில் மாட்டினாள். நடுவில் அந்தப் பெண் ராத்திரி பகலாக உழைத்தது யார் கணக்கில் போய்ச் சேரும்?

நூலகத்தின் தரைத்தள வாசிப்புக்கூடத்தில் மேசைகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். மைக் கீச்சென்று அலறியது. ஒவ்வொரு மாணவரின் ஆய்வைப் பற்றியும் ஒரு சுவரொட்டி, பலகையில் குத்தி நிறுத்தியிருந்தது. அண்ணி தன் மேசையை விட்டு நகரவில்லை. யாராவது "மேடம், அந்தப் பலகையைக் கொஞ்சம் பிடிங்களேன்" என்றால்கூட, "வேற யாரையாவது கூப்பிடுங்க" என்றாள். சக ஊழியர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

மத்தியானம் மிளகு அடித்தளத்திலிருந்து படியேறி வந்தாள். கையெல்லாம் பழைய தாளின் தூசி.

அவளுடைய ஆய்வு வானிலை பற்றியது. அந்தக் காலத்துச் செய்தித்தாளில் 'நாளை மழை' என்று போட்டிருந்தால் மறுநாள் நிஜமாகவே மழை பெய்ததா? மறுநாள் தாளைப் பிரித்துப் பார்த்தாள். அதற்கு மறுநாள். இப்படி வருடக்கணக்கான தாள்கள். வானிலை அலுவலகத்தைக் கேலி செய்து வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் விடவில்லை. கடைசியில் அவள் கண்டது ஒரு வேடிக்கை. ஜனங்கள் திட்டிய அளவுக்கு அந்த அலுவலகம் தவறாகச் சொல்லவே இல்லை. சரியாகச் சொன்ன நாளை எல்லோரும் மறந்துவிட்டார்கள், குடையில்லாமல் நனைந்த நாளை மட்டும் மறக்கவில்லை.

அண்ணியின் மேசைக்கு அவள் ஒரு சந்தேகம் கேட்கக்கூட வந்ததில்லை. அண்ணி மதியம் வேலை என்றால் மிளகு காலையில் வருவாள். அண்ணிக்குக் காலை வேலை என்றால் மிளகு மதியம்.

இன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்து நின்றாள்.

"அண்ணி, முடி சரியா இருக்கா?"

"இருக்கு. மூக்குல கரி."

புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கரி கன்னத்துக்கு வந்தது.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணி? நிஜமா?"

"சத்தியமாத் தெரியாது."

மிளகு அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். "நீங்க சொன்னா சரி."

காலையிலிருந்து கேட்ட பேச்சிலேயே அண்ணிக்குத் தெம்பு கொடுத்தது அந்த மூன்று சொல்தான். இந்த வீட்டில் ஒருத்தியாவது நம்புகிறாளே.

சாயங்காலம் கூடம் நிறைந்தது. மாமியார் முதல் வரிசையில் நட்ட நடுவில் உட்கார்ந்து, பின்னால் இருந்தவர்களிடம் திரும்பித் திரும்பித் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். கணவன் செல்போனை நீட்டிப் பிடித்தபடி தயாராக இருந்தான். அண்ணி கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றாள்.

நடுவர்களின் சார்பில் புவியியல் பேராசிரியர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். மூன்றாம் பரிசு, இரண்டாம் பரிசு. பிறகு கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, "முதல் பரிசு பெறும் மாணவி, நாம் எல்லோரும் சும்மா புரட்டிவிட்டுப் போகிற ஒரு மூலைப் பத்தியைத் தாள் தாளாக உட்கார்ந்து படித்திருக்கிறார்" என்றார்.

மிளகின் பெயர் ஒலித்தது.

அவள் மேடையேறினாள். கன்னத்துக் கரி அப்படியே இருந்தது. கண்ணாடிக் கேடயத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மைக்கில் பேசச் சொன்னபோது, "கீழ்த்தளத்துல எனக்காகத் தாள் கட்டுகளைத் தூக்கித் தந்தவங்களுக்கு நன்றி. வேற யாரும் எனக்கு உதவி பண்ணலை, அதுக்கும் நன்றி" என்றாள். கூடம் சிரித்தது. அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது.

அத்தோடு நிகழ்ச்சியை முடித்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். டீ கொடுத்தார்கள்.

டீ மேசையருகே இரண்டாம் பரிசு வாங்கிய பையனின் பெற்றோர் நின்றிருந்தார்கள். அப்பா கட்டட ஒப்பந்தக்காரர். அம்மா மரியாதைக்கு, "உங்க பொண்ணா? ரொம்ப நல்லாப் பேசினா" என்றார்.

மாமியாருக்கு அது போதும்.

"பொண்ணு கெட்டிக்காரிதான். ஆனா நான் ஒண்ணு சொல்றேன், இதெல்லாம் எங்க மருமக புண்ணியம். அதோ, தூண்கிட்ட நிக்கறா பாருங்க. இங்கதான் வேலை. உள்ள நம்ம ஆளு ஒருத்தர் இல்லாம எது நடக்குது, சொல்லுங்க? வெளியில தெரியாம, வேலையை எவ்வளவு பதவிசா முடிச்சிருக்கா!"

அந்தக் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. பிஸ்கட்டைக் கடித்தவர்கள் கடித்தபடி நின்றார்கள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியார் நாலு பேர் முன்னால் ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டாரா என்று அண்ணி ஏங்கியதுண்டு. சொன்னார். இன்றைக்கு, இந்த இடத்தில், இந்த வார்த்தையை.

அவள் விரைந்து வந்தாள். "அத்தை, நான் எதுவுமே பண்ணலை. இவங்ககிட்ட சொல்லுங்க."

"பார்த்தீங்களா?" மாமியார் ஒப்பந்தக்காரரின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு அடக்கம்!"

"அடக்கம் இல்லத்தை, உண்மை!"

"சரிம்மா, சரி. நான் ஒண்ணும் சொல்லலை." உதட்டில் விரலை வைத்து ரகசியம்போலச் சிரித்தார். அதைவிட மோசமாக அவரால் எதுவும் செய்திருக்க முடியாது.

ஒப்பந்தக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்படியா சங்கதி," என்று சொல்லிவிட்டு, நேராகத் தலைமை நூலகரைத் தேடிப் போனார்.

அண்ணி திரும்பினாள். மிளகு நின்றிருந்தாள்.

"அண்ணி..." கேடயத்தை மார்போடு அணைத்தபடி கேட்டாள். "பண்ணினீங்களா?"

"மத்தியானம்தானே கேட்டே? நம்பறேன்னு சொன்னியே!"

"மத்தியானம் நான் ஜெயிக்கலையே."

ஜெயித்த உடனே தன் உழைப்பின் மேலேயே சந்தேகம் வரும்படி அந்தப் பெண்ணை வளர்த்து வைத்திருக்கிறார்கள். அண்ணி வாயைத் திறப்பதற்குள், மிளகு புத்தகம் திருப்பிக் கொடுக்கும் மேசைக்குப் போய், கேடயத்தை அங்கே குவிந்திருந்த புத்தகங்களின் மேல் வைத்தாள்.

"திருப்பிக் குடுத்துட்டேன்னு எழுதிக்கங்க," என்றாள், அங்கே திகைத்து நின்ற ஊழியரிடம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தலைமை நூலகர் அதிகம் பேசாதவர். தன் அறையில் அண்ணியை உட்காரச் சொன்னார்.

"நீங்க ஒதுங்கியிருந்தீங்கன்னு எனக்குத் தெரியும். அவருக்கும் சொல்லிட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்டுலேருந்து வேற யாராவது நடுவர்கள்கிட்ட பேசினாங்களா?"

"இல்ல சார்."

"நிச்சயமா?"

"நிச்சயமா சார். எங்க வீட்டுல யாருக்கும் நடுவர் யாருன்னே தெரியாது."

"அப்படின்னா பிரச்சினை இல்ல. அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வந்து கேடயத்தை எடுத்துக்கச் சொல்லுங்க."

நிம்மதியோடு அவள் வாகன நிறுத்தத்துக்கு வந்தாள். கூரையில் 'பழகுநர்' பலகை வைத்த காரில் மாமியார் பின்சீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மிளகு எங்கே?"

"தெரியலை. போனை எடுக்க மாட்டேங்கறா," என்றான் முன்சீட்டிலிருந்த கணவன்.

"உன்னைப் பெருமையாத்தானே சொன்னேன்," என்றார் மாமியார். "அதுக்கு ஆளாளுக்கு மூஞ்சியைக் காட்டறீங்க."

"பெருமையா அத்தை? அவ வாங்கின முதல் பரிசை நான் திருடிக் குடுத்த மாதிரி பண்ணிட்டீங்களே! உள்ள சார்கிட்டப் போய், எங்க வீட்டுல யாரும் யார்கிட்டயும் பேசலைன்னு அடிச்சுச் சொல்லிட்டு வந்திருக்கேன், அவரும் சரின்னுட்டார்."

மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமியார் பதில் சொல்லாமல் இருப்பது என்பது அந்த வீட்டு வழக்கத்திலேயே இல்லாத சமாச்சாரம். அண்ணி பின்கதவைத் திறந்து குனிந்து பார்த்தாள்.

"அத்தை?"

"நீ பேச மாட்டேன்னு பிடிவாதமா நின்னுட்டே."

"அத்தை, என்ன பண்ணினீங்க?"

"என்கூட எக்ஸ்சேஞ்சுல இருந்தாளே, அவளோட மாப்பிள்ளைதான் மைக்குல பேசினாரே, அந்த புரொபசர். இந்த வருஷம் எங்க மாப்பிள்ளைதான் ஜட்ஜுன்னு அவளேதான் பீத்திக்கிட்டா. சும்மா ஒரு போன். 'நம்ம பொண்ணு ஒருத்தி போட்டிருக்கா, கொஞ்சம் பார்த்துக்கச் சொல்லு'ன்னு. அவளும் சரின்னா. சொன்னாளா இல்லையான்னு எனக்கென்ன தெரியும்?"

அண்ணி காரின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். பகலெல்லாம் வெயிலில் நின்ற தகரம் இன்னும் சுட்டது. தலையைப் பிய்த்துக்கொள்ளலாமா, அழலாமா, இல்லை 'பழகுநர்' பலகையைப் பிடுங்கி எங்காவது எறியலாமா என்று புரியவில்லை.

"விடு," என்றான் கணவன். வலது கால் அழுந்தியது. "யாருக்கும் தெரியாது இல்ல? இப்ப எதுக்குக் கிளறணும்? சார்தான் சரின்னுட்டாரே."

"எனக்குத் தெரியுமே!" அண்ணி கத்தியதில் தூரத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எப்பப் பார்த்தாலும் பிரேக்கையே மிதிச்சிட்டிருக்கீங்களே, ஒரு தடவையாவது ஸ்டியரிங்கைப் பிடிங்களேன்!"

காரின் கதவை அறைந்து சாத்திவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள்.

மிளகு எங்கே போயிருப்பாள் என்று தேட வேண்டியிருக்கவில்லை. அடித்தளத்தில், தாள் கட்டுகளுக்கு நடுவே, தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

அண்ணியும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மழுப்பலாம். நல்ல வார்த்தை நாலு சொல்லி மேலே கூட்டிப் போகலாம். தலைமை நூலகரே சரி என்றுவிட்டார். ஆனால் இந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் அவள் காரியத்தை முடித்துவைக்கிற இன்னொரு ஆளாகத் தானும் ஆவதா?

"நான் யார்கிட்டயும் பேசலை. அது உண்மை," என்றாள். "ஆனா அம்மா பேசியிருக்காங்க. இப்பத்தான் எனக்கே தெரியும்."

எல்லாவற்றையும் சொன்னாள். சிநேகிதி, மாப்பிள்ளை, போன். மிளகு பக்கத்திலிருந்த தாள் கட்டைப் பார்த்தபடியே கேட்டாள். கடைசியில் கட்டின் மேல் ஒரு குத்து விட்டாள். தூசி எழும்பி இருவரும் தும்மினார்கள்.

"எதுக்கு அண்ணி இதை எங்கிட்ட சொன்னீங்க? சொல்லாம விட்டிருந்தா நான் கேடயத்தை எடுத்துட்டு வீட்டுக்கு வந்திருப்பேனே."

"வந்திருப்பே. அப்புறம் நான் உன் மூஞ்சியை எப்படிப் பார்ப்பேன்?"

மிளகு மூக்கை உறிஞ்சினாள். அண்ணியின் தோளில் தலையைச் சாய்த்தாள், ஒரு கணம். பிறகு எழுந்து பின்பக்கத் தூசியைத் தட்டினாள்.

"என் ஆய்வு நல்ல ஆய்வு அண்ணி. எனக்குத் தெரியும். பரிசு வேணாம்னு நான் சொல்லப் போறதில்லை. அந்த புரொபசர் இல்லாம வேற யாராவது படிக்கட்டும்னு சொல்லப் போறேன்."

"நான் முதல்ல உள்ள போய்..."

"நீங்க என் பின்னாடி வாங்க," என்றாள் மிளகு.

தலைமை நூலகர் கடைசிவரை கேட்டார். தான் சொன்ன 'நிச்சயமா' பொய்யாகிவிட்டதை அண்ணியே ஒப்புக்கொண்டாள். அவர் அவளைக் கோபிக்கவில்லை. அதனால் அவளுக்கு இன்னும் கூசியது.

"வெளியூர் நடுவர் ஒருத்தரை வெச்சு மூணையும் மறுபடி படிக்கச் சொல்றேன்," என்றார் மிளகிடம். "முடிவு மாறலாம். சம்மதமா?"

"சம்மதம் சார்."

"அதுவரைக்கும் கேடயம் இங்கேயே இருக்கும்."

"இருக்கட்டும் சார். எங்க வீட்டைவிட இங்க பத்திரம்."

கதவு திறந்தது. மாமியார் மூச்சு வாங்க நின்றார். பின்னால் கணவன். மாமியார் கையில் செல்போன், முகத்தில் அண்ணி இதுவரை பார்த்திராத ஒரு கலக்கம்.

"அவகிட்டயே கேட்டுடலாம்னு அப்பலேருந்து போடறேன்," என்றார், அவருக்கே கேட்காத குரலில். "எடுக்க மாட்டேங்கறா."

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. சிநேகிதிதான்.

மாமியார் அதை அவசரமாக அண்ணி பக்கம் நீட்டினார். "நீ பேசும்மா. நீதான் பதமாப் பேசுவே."

அண்ணியின் கை பழக்கத்தில் பாதி தூரம் போனது. இழுத்துக்கொண்டாள். கணவன் தங்கையின் தோளைத் தொட்டு, "நீ பேசு," என்றான்.

மிளகு போனை வாங்கினாள்.

"சொல்லுங்க ஆன்ட்டி. அம்மா இல்ல, அவங்க பொண்ணு. நீங்க உங்க மாப்பிள்ளைகிட்ட என்னைப் பத்திப் பேசினீங்களா?"

மறுமுனையில் டிவி சத்தம் நின்றது. பிறகு ஒரு பெருமூச்சு.

"உங்க அம்மா பக்கத்துல இருக்காளா? இருந்தா கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசு கண்ணு. விஷயம் தெரிஞ்சா எங்கிட்ட கோவிச்சுப்பா."

மிளகு தன் அம்மாவைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். ஸ்பீக்கரை அழுத்தி, போனை மேசையின் நடுவில் வைத்தாள்.

"தள்ளிப் போக மாட்டேன் ஆன்ட்டி. எல்லாரும் இங்கேதான் இருக்கோம். சொல்லுங்க."